நடுக்கடலில் அலை ஏன் உடைகிறது?

1985 நவம்பர் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘எண்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல், கலிஃபோர்னியாவின் தென்கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளிப் பயிற்சியில் இருந்தது. 342 மீட்டர் நீளம், அணுசக்தியில் ஓடும் கப்பல். நாலாபக்கமும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத இடம். அங்கேதான் அதன் அடிப்பகுதி பாறையில் உரசியது. வெளிச்சுவரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கிழிசல்.

அந்தப் பாறை ஒன்றும் யாருக்கும் தெரியாததில்லை. 1855-இல் ‘ஸ்டில்வெல் எஸ். பிஷப்’ என்ற பாய்மரக் கப்பல் அதில் மோதியது. மோதிய கப்பலின் பெயரையே பாறைக்கு வைத்து, பிஷப் பாறை என்று வரைபடத்திலும் குறித்துவிட்டார்கள். கோர்டெஸ் பேங்க் என்று அழைக்கப்படும் கடலடி மலைமேட்டின் உச்சி அது. ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து எழும்பி வந்து, நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே நின்றுவிடுகிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர்வரை தாழ்ந்திருந்தபோது, இதே மேடு வெளியே தலைநீட்டிய தீவாக இருந்திருக்கிறது.

கப்பல்காரர்கள் விலகிப் போக வேண்டிய அதே கல்லைத் தேடி, 2001 ஜனவரி 19 அன்று நான்கு பேர் அலைச்சறுக்குப் பலகைகளோடு போனார்கள். மைக் பார்சன்ஸ், பிராட் கெர்லாக், பீட்டர் மெல், கென் காலின்ஸ். அன்று பார்சன்ஸ் ஏறிய அலையின் உயரம் 66 அடி என்று பின்னர் படங்களை வைத்து மதிப்பிட்டார்கள். ஏழாண்டு கழித்து, 2008 ஜனவரியில், அதே ஆள் அதே கல்லின்மேல் 70 அடிக்கு மேற்பட்ட அலையில் சறுக்கிக் கின்னஸ் பதிவேட்டில் ஏறினார்.

கரையே இல்லாத இடத்தில் அலை எப்படி உடைகிறது என்பது முதல் கேள்வி. அது உடையும் இடத்துக்குப் போய் ஏன் சிலர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பது இரண்டாவது. என் பார்வையில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: கீழே இருக்கும் கல்.

மீனவர்களுக்கு இது புதிதில்லை. கடலுக்கடியில் மேடாக இருக்கும் பாறைத்திட்டுக்குத் தமிழில் ‘பார்’ என்று அழகான சின்னச் சொல் இருக்கிறது. முத்துக் குளித்த இடங்களுக்கு முத்துப்பார் என்றே பெயர். ஆஸ்திரேலியாவில், பார்மேல் உடையும் அலைக்குத் தனிப்பெயரே உண்டு: ‘பொம்போரா’. அங்குள்ள பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல். சறுக்குபவர்கள் அதைச் சுருக்கி ‘பாமி’ ஆக்கிவிட்டார்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு யாரும் கடலுக்குள் போவதற்கு வெகுகாலம் முன்பே, வலை கிழியும் இடமாகவும் படகு கவிழும் இடமாகவும் இவையெல்லாம் அறியப்பட்டவைதான்.

சரி, அலையின் கதைக்கு வருவோம்.

பெரிய அலைகள் பிறக்கும் இடம் அவை உடையும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். எங்கோ ஒரு புயல் நாள்கணக்கில் கடலை உழுகிறது. அங்கே எழும் தண்ணீர் தாறுமாறானது: குட்டையும் நெட்டையுமாக, எல்லாத் திசையிலும். ஆனால் நீள அலை குட்டை அலையைவிட வேகமாக ஓடும். ஆகவே புயலைவிட்டு விலக விலக, அலைகள் தாமாகவே தரம்பிரிந்து, சீரான வரிகளாக மாறிவிடுகின்றன. இந்த வரிசைகளைத்தான் சறுக்குபவர்கள் ‘ஸ்வெல்’ என்கிறார்கள். இவை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1963-இல் கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையிலான குழு அளந்து காட்டியது. நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை அளவீட்டு நிலையங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். தென்பெருங்கடலில் புயல் கிளப்பிய அலைகள், பசிபிக்கை நெடுக்காகக் கடந்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அலாஸ்காவரை வந்து சேர்ந்தன.

ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம்தான் இங்கே முக்கியமான எண். உள்ளூர்க் காற்று எழுப்பும் சில்லறை அலைகளுக்கு அது 6, 8 நொடிகள். தொலைதூரப் பெரும்புயலிலிருந்து வருபவற்றுக்கு 18, 20 நொடிகள். எண்ணில் வித்தியாசம் கொஞ்சமாகத் தெரிந்தாலும் விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 8 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர். 20 நொடி அலைக்கு 620 மீட்டருக்கு மேல். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதியளவு ஆழம்வரை எட்டும். அதாவது 8 நொடி அலைக்கு 50 மீட்டருக்குக் கீழே கடலில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. 20 நொடி அலையோ 300 மீட்டர் ஆழத்திலிருந்தே தரையைத் தடவத் தொடங்கிவிடுகிறது. ஆழ்கடலில் அதன் முகடு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கூட்டமாகச் சுமந்துவரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில் நகரும். படகில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும், அவ்வளவுதான்.

அடி தட்டியதும் எல்லாம் மாறுகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டும்தான் என்ற நிலை வருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் எந்த நீள அலையானாலும் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர்தான் ஓட முடியும். முன்னால் போகும் அலை வேகம் குறைய, பின்னால் வருவது நெருங்க, நீளம் சுருங்குகிறது. ஆற்றல் எங்கேயும் போகவில்லை என்பதால் உயரம் கூடுகிறது. அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தின் முக்கால் பங்கை எட்டும் சமயத்தில், முகட்டில் இருக்கும் நீரின் வேகம் அலையின் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது. முகடு முன்னால் பாய்ந்து கவிழ்கிறது. உடைவது என்பது இதுதான். 3 மீட்டர் அலை ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்தில் உடையும். 15 மீட்டர் அலைக்கு 20 மீட்டர் ஆழமே போதும். அதனால்தான் பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெல்ஹாரா என்ற பாறைத்திட்டு ஆண்டின் பெரும்பாலான நாள்களில் தூங்குகிறது. அதற்கு மேலே 15 மீட்டர் தண்ணீர். சாதாரண அலை அதன்மேல் எதுவும் நடக்காததுபோல் கடந்து போய்விடும். மிகப் பெரிய புயல் வந்தால் மட்டுமே அது எழும். 2002-இல்தான் அதில் முதன்முதலாகச் சறுக்கினார்கள்.

எவ்வளவு உயரத்தில் உடைகிறது என்பதைப் போலவே, எப்படி உடைகிறது என்பதையும் கல்தான் முடிவு செய்கிறது. கடலடி மெல்லச் சாய்ந்து மேலேறினால், அலை முகட்டிலிருந்து நுரை வழிய வழிய மெதுவாகக் கரையும். ஆழத்திலிருந்து சடாரென்று எழும் கல்மேல் வந்தால், ஏறிய வேகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முகடு முழுவதுமாக முன்னால் பாய்ந்து, உள்ளே வெற்றிடம் விட்டு வளைகிறது. சறுக்குபவர்கள் வாழ்நாள் முழுதும் தேடும் அந்தக் குழல், அவர்கள் மொழியில் ‘பேரல்’, இந்த வெற்றிடம்தான்.

அப்புறம் வளைவு. கைகோத்து வரிசையாக நடந்துவரும் கூட்டத்தில் நடுவில் இருப்பவர்கள் சேற்றில் கால் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நடை தளர, ஓரத்தில் இருப்பவர்கள் முன்னேற, வரிசை உள்நோக்கி வளையும். கடலடி மேட்டின்மேல் வரும் அலைக்கும் இதுதான் நடக்கிறது: மேட்டின்மேல் தளர்ச்சி, இருபுறமும் ஆழத்தில் பழைய வேகம். அகலமாகப் பரவியிருந்த ஆற்றல், பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் மேட்டின்மேல் குவிகிறது. சுற்றிலும் 5 மீட்டர் அலை ஓடும் நாளில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் 10 மீட்டர் சுவர் எழுவதன் ரகசியம் இதில் இருக்கிறது.

கரையோர மணல்மேட்டிலும் இதே இயற்பியல்தானே? ஆமாம். ஆனால் மணல் நிற்காது. ஒரு புயல் வந்து போனால் மேடு இருந்த இடத்தில் பள்ளம். போன மாதம் அற்புதமாகச் சறுக்கிய இடத்தில் இந்த மாதம் அலை ஒரேயடியாக, நீளத்துக்கும் ஒரே நொடியில் கவிழும். அப்படிக் கவிழும் அலையில் சவாரி செய்ய எதுவும் இல்லை. ஒரு முனையில் உடையத் தொடங்கி, துணி கிழிவதுபோல் பக்கவாட்டில் உடைந்துகொண்டே போனால்தான் அதன் முன்னால் ஓட இடம் கிடைக்கும். கல்லில் அந்தச் சாய்வு ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், நம் ஆயுளுக்கு மாறாது. கூடவே கரைக்குப் பக்கத்தில் அகன்ற ஆழமில்லாத கண்டத்திட்டு இருந்தால், அலை வரும் வழியெல்லாம் தரையில் உரசி ஆற்றலை இழந்துகொண்டே வரும். நடுக்கடல் பாறையில் அந்தச் செலவும் இல்லை. ஆழ்கடலிலிருந்து நேரே வந்து மோதுகிறது.

பெருங்கடல் அலையில் ஏறுபவர்களைக் காட்டாற்றில் குதிப்பவர்கள்போல், கட்டற்ற ஒன்றைத் தேடிப் போகிறவர்களாகக் காட்டுவதுதான் வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டால், பேச்செல்லாம் திசை எத்தனை பாகை, இடைவெளி எத்தனை நொடி, எந்தப் பாறையின் எந்த ஓரம், மூன்றாவது அலையா நான்காவது அலையா என்றே போகும். கட்டற்ற கடலில், கட்டுப்பட்டு நடக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவர்களின் பேச்சு அது. அலை ஒவ்வொரு முறையும் புதிது. அது உடையும் இடம் மட்டும், இரண்டு பலகை நீளத்துக்குள் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

டஹீட்டித் தீவின் தென்மேற்கில் இருக்கும் டெயாஹுப்போவில் இந்தத் துல்லியம் உச்சம். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தால், தீவுக்கும் பவளத்துக்கும் நடுவே காயல் உருவாகும் என்பது டார்வின் 1842-இல் வெளியிட்ட விளக்கம். டெயாஹுப்போவின் தடுப்புத்திட்டு கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கிறது. மலைப்பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் ஆற்றின் நன்னீர் கடலில் கலக்கும் தடத்தில் பவளம் வளரவில்லை. அங்கே திட்டில் ஓர் இடைவெளி. இந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் வாசல். அலை திட்டின்மேல் உடைந்துகொண்டே வந்து, இடைவெளியின் ஆழத்தை எட்டியதும் அடங்கிவிடுகிறது.

அந்த ஆழமான தண்ணீரில் படகை நிறுத்திக்கொண்டு பார்க்கலாம். இந்த வசதி வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை. படகு தொட்டில்போல் லேசாக ஆடுகிறது. முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, தண்ணீர் பின்னால் இழுக்கப்படுகிறது. கடல் ஏதோ மூச்சை உள்ளிழுப்பதுபோல், பவளத்தின் மேலிருக்கும் நீரெல்லாம் எழும் சுவருக்குள் உறிஞ்சப்பட்டு, அலையின் அடிவாரம் சுற்றியுள்ள கடல்மட்டத்தைவிடக் கீழே போய்விடுகிறது. அதனால் அது மேலே எழுவதைவிடப் பள்ளத்துக்குள் இறங்குவதாகவே கண்ணுக்குப் படும். வளையும் முகடு மெல்லிய விளிம்பாக இல்லை. பல மீட்டர் தடிமனுள்ள நீர்ப்பாளம். அது விழும் இடத்தில் பவளத்துக்கு மேலே தண்ணீர் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். குழலுக்குள் போனவர் இரண்டு மூன்று நொடி காணாமல் போவார். பிறகு வாயிலிருந்து துப்பியதுபோல் நீர்த்திவலைப் புகையோடு வெளியே வருவார், அல்லது வரமாட்டார்.

2000 ஆகஸ்ட் 17 அன்று சறுக்கு வீரர் லெயர்ட் ஹாமில்டன் இங்கே ஏறிய அலையைத்தான் பலர் இந்த விளையாட்டின் திருப்புமுனை என்பார்கள். அதன் உயரம் பெரிய செய்தியே இல்லை. இன்றைய சாதனைப் பட்டியலில் அது அருகில்கூட வராது. தடிமன்தான் செய்தி. நீர்ச்சுவர் தன்னை மேலே உறிஞ்சிவிடாமல் இருக்க, அவர் வழக்கத்துக்கு மாறாகப் பின்கையைப் பலகையின் மறுபக்கம் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனார். உயரத்தை மட்டும் வைத்து அலைகளைத் தரவரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், உயரத்தை அளப்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஹவாயில் பழைய ஆட்கள் அலையின் பின்புறத்தை வைத்துச் சொல்லும் எண், முன்முகத்தில் பாதிதான் இருக்கும். அவர்கள் ‘பதினைந்து அடி’ என்று சாதாரணமாகச் சொன்னால் முப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தற்போதைய உச்ச சாதனை போர்ச்சுகலின் நசாரேயில், 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் ஏறிய 86 அடி அலை. அங்கே வேலை செய்வது பாறைத்திட்டு இல்லை, நேர்மாறாக ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு. உயரம் பிரமாண்டம். ஆனால் எங்கே எழும் என்பது அலைக்கு அலை மாறும். ஒதுங்கி நிற்க டெயாஹுப்போ மாதிரி நம்பகமான ஆழத்தடமும் கிடையாது.

ஒதுங்கும் தடம் என்பது சின்ன விஷயமில்லை. கரையோர அலைக்குள் நீந்திப் போகிறவர் நுரையோடு மல்லுக்கட்டிக் களைத்துத்தான் வெளியே சேருவார். திட்டுக்குப் பக்கத்து ஆழத்தில் தலைமுடி நனையாமல் உடையும் இடத்துக்கே போய்ச் சேரலாம். உட்கார்ந்து நாலு அலையைப் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்று திரும்பியும் வரலாம்.

கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே அருகே இருக்கும் மாவெரிக்ஸ் இன்னொரு ரகம். பவளம் இல்லை, குளிர்ந்த, கலங்கிய தண்ணீர், கரும்பாறைகள். கடலடியைச் சோனாரால் வரைந்து பார்த்தபோது, ஆழத்திலிருந்து நீண்ட சரிவுமேடைபோல் ஏறிவரும் பாறையும் அதன் இருபக்கமும் ஆழமான பள்ளங்களும் தெரிந்தன. மேலே சொன்ன பூதக்கண்ணாடிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தப் பெயர் 1960-களில் அங்கே வந்த சறுக்குபவர்களோடு நீந்திக்கொண்டே பின்தொடர்ந்த நாயுடையது. அந்த நாய்க்கு அலை அபாயமாக இருக்கிறது என்று கரையில் காரில் கட்டிப்போட்டு வைத்தார்களாம்! ஆட்களும் அன்று பெரிதாக எதுவும் செய்யவில்லை.

1975-இல் ஜெஃப் கிளார்க் என்ற 17 வயதுப் பையன் தனியாக நீந்திப் போய் அதில் ஏறினான். அதன்பின் சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கே அவர் மட்டும்தான். கூட வர ஆளில்லை. கலிஃபோர்னியாவில் அவ்வளவு பெரிய அலை இருக்கிறது என்று சொன்னால் நம்பவும் ஆளில்லை. அந்தத் தனிமையை நினைத்துப் பார்க்கிறேன். வழிகாட்டி இல்லை, வீடியோ இல்லை, உதவிக்குப் படகு இல்லை. கரையில் எந்தப் பாறை எந்த மேட்டுக்கு நேராகத் தெரியும்போது எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒவ்வோர் அலையாகத் தானே கண்டுபிடித்திருக்கிறார். கல் நகராது என்பதால்தான் அது கைகூடியது. மணல்மேட்டில் பதினைந்து ஆண்டு அனுபவம் என்பதற்கு இந்த அர்த்தம் வராது.

இடம் மாறாததால் வரும் இன்னொரு சிக்கலும் உண்டு: மாறாத இடத்துக்கு வேலி போடலாம். ஃபிஜியில் கிளவுட்பிரேக் என்ற பவளத்திட்டு அலை, பக்கத்துத் தீவின் விடுதி விருந்தினர்களுக்கு மட்டும் என்று நெடுங்காலம் இருந்தது. 2010-இல் அந்நாட்டு அரசு ஆணை போட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டது.

பெரிய அலையில் ஏறுவதற்கே ஒரு வேகக் கணக்கு இருக்கிறது. குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போடுபவர் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் போனால் பெரிது. 15 மீட்டர் ஆழத்தில் வரும் அலையோ மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். ஓடும் பேருந்தில் தவழ்ந்து ஏறும் கதைதான். அலை செங்குத்தாக நிமிரும் கடைசி நொடிவரை காத்திருந்து, புவியீர்ப்பின் தயவில் விழுந்துதான் வேகம் பிடிக்க வேண்டும். ஒரு அளவுக்கு மேல் அதுவும் நடக்காது. 1990-களின் தொடக்கத்தில் ஹவாயில் லெயர்ட் ஹாமில்டன், பஸ்ஸி கெர்பாக்ஸ், டாரிக் டோர்னர் ஆகியோர் முதலில் ரப்பர் படகாலும், பிறகு ஜெட் ஸ்கியாலும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் அலையில் விட்டார்கள். கைத்துடுப்பில் எட்டாத தொலைவிலிருந்த வெளித்திட்டுகள் எல்லாம் அதோடு திறந்துகொண்டன. கோர்டெஸ் பேங்கில் 2001-இல் போனவர்களும் இழுவையில்தான் ஏறினார்கள். இதற்கு எதிர்வினையும் வந்தது. இயந்திரம் வேண்டாம், கையால் முடிந்ததை மட்டும் செய்வோம் என்று ஒரு தலைமுறை மீண்டும் துடுப்புக்குத் திரும்பி, முன்பு முடியாது என்று ஒதுக்கிய அலைகளிலும் ஏறியது.

கோர்டெஸ் பேங்கில் என்னை ஈர்ப்பது உயரம்கூட இல்லை. அங்கே குறி பார்த்து உட்காரக் கரை இல்லை. மலையுச்சி, மரம், கட்டடம் எதுவும் கிடையாது. பாறைக்கு அருகே மணியும் விளக்கும் பொருத்திய மிதவை ஒன்று. அதன்மேல் கடற்சிங்கங்கள் படுத்திருக்கும். அதையும் ஜி.பி.எஸ். கருவியையும் வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று ஊகிக்க வேண்டும். காற்றைத் தடுக்க நிலம் இல்லாததால், லேசான காற்றே அலையின் முகத்தைக் கரடுமுரடாக்கிச் சறுக்க முடியாமல் செய்துவிடும். எங்கோ பயங்கரப் புயல் அடிக்க வேண்டும். இங்கே இலை அசையாத அமைதி வேண்டும். இரண்டும் ஒரே நாளில் பொருந்தி வருவது அபூர்வம். புகைப்படக்காரர் லாரி மூர் 1990-இலேயே சிறு விமானத்தில் பறந்துபோய் அங்கே உடையும் அலையைப் பார்த்துவிட்டார். கடல் வானிலைக் கணிப்பில் கைதேர்ந்த ஷான் காலின்ஸ், இன்ன நாளில் காற்று அடங்கும் என்று சொல்லும்வரை, பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே பாறையில் 1966-இல் நடந்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். சிலர் சேர்ந்து, பழைய கான்கிரீட் கப்பல் ஒன்றை இந்த மேட்டின்மேல் மூழ்கடித்துத் தீவாக்கி, ‘அபலோனியா’ என்ற தனிநாட்டை அறிவித்து, அங்கே கொட்டிக்கிடக்கும் அபலோன் சிப்பிகளை அள்ளி விற்பதாகத் திட்டம் போட்டார்கள். கப்பலை இழுத்துக்கொண்டும் போனார்கள். ஸ்வெல் வந்தது. கப்பல் திட்டமிட்டபடி அமரவில்லை. அலைகள் அதை அடித்து நொறுக்கின. நாடு பிறப்பதற்கு முன்பே மூழ்கியது. கல் நகராதுதான். ஆனால் அதன்மேல் எதையும் நிற்க வைக்க முடியாது.

மனிதருக்கும் அதே கதிதான். நீரில் விழுந்தவரை அலை கீழே அமுக்கிச் சுழற்றும். 20 நொடி இடைவெளி அலை என்றால், மேலே வருமுன் அடுத்தது வந்துவிட்டால் கணக்கு 40 நொடி. நுரை பாதி காற்று என்பதால் அதில் நீந்திப் பிடிப்புக் கிடைக்காது. 1994 டிசம்பர் 23 அன்று ஹவாயின் புகழ்பெற்ற மார்க் ஃபூ, மாவெரிக்ஸில் அவ்வளவு பெரியதும் இல்லாத அலையில் விழுந்து இறந்தார். 2010-இல் அங்கேயே இரண்டு அலைகளுக்கு அடியில் சிக்கித் தப்பிய ஷேன் டோரியன், கயிற்றை இழுத்தால் ஊதிக்கொள்ளும் உடுப்பை உருவாக்கும் வேலையில் இறங்கினார். இன்று அது இல்லாமல் யாரும் பெரிய அலைக்குப் போவதில்லை. அதுவும் உயிருக்கு உத்தரவாதம் தராது. 2012 டிசம்பரில் கோர்டெஸ் பேங்கில் கிரெக் லாங்கின் உடுப்பு ஊதவில்லை. அடுத்தடுத்து வந்த அலைகள் அழுத்த, நினைவிழந்து மிதந்தவரைத் தோழர்கள் மீட்டு, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். கரையிலிருந்து 160 கிலோமீட்டர் என்பதன் பொருள் அப்போதுதான் உறைக்கும்.

இவ்வளவு துல்லியமாகக் காரணம் தெரிந்த பிறகு, நாமே ஒரு திட்டைச் செய்துவிட்டால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? செய்து பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் 2000-இல் மணல் நிரப்பிய பைகளைக் கடலில் அடுக்கிப் ‘பிராட்ஸ் ரீஃப்’ கட்டினார்கள். சொல்லிக்கொள்ளும்படி அலை எழவில்லை. பைகள் சிதைந்து, கடைசியில் அள்ளி எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் பாஸ்கோமில் 2009-இல், சுமார் 30 லட்சம் பவுண்டு செலவில், ஐரோப்பாவின் முதல் செயற்கைச் சறுக்குத்திட்டு திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் சேதமடைந்து மூடப்பட்டது. இயற்கைத் திட்டுகள் பல நூறு மீட்டர் நீளமுள்ளவை. அலையை வெளியிலிருந்தே வளைத்துத் தயார்செய்து கொண்டுவருகின்றன. கடைசி இருபது மீட்டரை மட்டும் நகலெடுத்து அலையிடம் நீட்டினால் அது மயங்குவதில்லை. அதோடு, பெரிய ஸ்வெல் வந்து சேராத கரையில் எவ்வளவு நல்ல பாறை இருந்தும் என்ன பயன்?

கல் மாறாது என்று இதுவரை சொல்லிவந்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது. டெயாஹுப்போவின் கல் உயிருள்ளது. 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டியை, பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கேதான் நடத்தினார்கள். நடுவர்களுக்கென்று பழைய மரக் கோபுரத்துக்குப் பதிலாகப் புதிய அலுமினியக் கோபுரம் அமைக்க முடிவானபோது உள்ளூர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 டிசம்பரில் கட்டுமானப் படகைக் கொண்டுவந்து பார்த்த சோதனையிலேயே அது பவளத்தை உடைத்துவிட்டது. கோபுரத்தின் அளவை அதற்கு முன்பே குறைத்திருந்தார்கள். அந்தச் சிறிய கோபுரத்தோடுதான் போட்டி நடந்து முடிந்தது. அடுத்து, கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறும் நிகழ்வு உலகளவில் நான்காவது முறையாக நடப்பதாக அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. இறந்த பவளம் உடனே உதிர்ந்துவிடாது. ஆனால் வளராது, அலை அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

டஹீட்டிக்கு ஒரு வினோதம் உண்டு. உலகின் பெரும்பாலான கரைகளில் ஓதம் நிலவைப் பின்பற்றி நாளுக்கு நாள் நேரம் மாறும். டஹீட்டியில் நிலவின் இழுப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விட, சூரியனின் இழுப்புதான் ஆட்சி செய்கிறது. நண்பகலிலும் நள்ளிரவிலும் ஏற்றம், நடுவே இறக்கம், கடிகாரம்போல். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 30 சென்டிமீட்டர் அளவுதான். மற்ற இடங்களில் சறுக்குபவர்கள் ஓத அட்டவணையைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். ஒரே பாறை, ஏற்றத்தில் ஓர் அலையும் இறக்கத்தில் வேறோர் அலையும் தரும். டெயாஹுப்போவில் அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. பவளத்தின் மேலிருக்கும் தண்ணீர் எப்போதும் ஏறத்தாழ அதே ஒரு மீட்டர். உலகக் கடல்மட்டம் கடந்த நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இப்போது ஆண்டுக்கு சுமார் 4 மில்லிமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் பவளம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து மேலே வளர்ந்துவிடும். வெளிறிப்போன பவளத்தால் அது முடியாது.